பின்லாந்தில் தகவல் எழுத்தறிவுக் கல்வி: முதலிடத்துக்குப் பின்னால் இருப்பது என்ன?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பி.எட். படிக்கிறீர்கள். போலிச் செய்தியை இனம்காணப் பின்லாந்தில் சின்ன வகுப்பிலிருந்தே தனிப்பாடம் நடத்துகிறார்கள், அதனால்தான் ஐரோப்பியப் பட்டியலில் அந்த நாடு தொடர்ந்து முதலிடம் பிடிக்கிறது என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். அந்தப் பாடத்தின் பெயர் என்ன, பாடநூல் எங்கே கிடைக்கும், அது உண்மையில் பலன் தருகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் பதில் ஒரே வரியில் முடிந்துவிடும்: அப்படி ஒரு தனிப்பாடமும் இல்லை, அதற்கென்று பாடநூலும் இல்லை. மூன்றாவதுதான் கனமான கேள்வி. அந்த முதலிடம் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவதால் வந்ததா, வேறு எதனாலாவது வந்ததா என்பதுதான் நீங்கள் அறிய விரும்புவது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். தம்பெரே பல்கலைக்கழகத்தில் தகவலியல் படித்துவிட்டு, ஹெல்சிங்கியை ஒட்டிய ஒரு நகராட்சி நூலகத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பள்ளி வகுப்புகள் நூலகத்துக்கு வரும்போது பிள்ளைகளுக்குத் தகவல் தேடலைச் சொல்லித்தருவது என் பொறுப்பு. 9 வயது முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள் திரைக்கு முன் உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்பதை நேரில் பார்த்துவருகிறேன். ஆனால் நான் பள்ளி ஆசிரியர் அல்ல. வடக்கே லாப்லாந்தின் சிறு பள்ளிகளிலோ கிழக்கு எல்லைப்புற ஊர்களிலோ வேலை செய்ததும் இல்லை. தலைநகர்ப் பகுதியில் கண்டதை நாடு முழுமைக்கும் பொருத்திவிடக் கூடாது என்பதால், என் அனுபவத்திலிருந்து சொல்லும் இடங்களில் அதை அனுபவம் என்றே சொல்லிவிடுகிறேன்.

உறுதியாகத் தெரிந்தவற்றிலிருந்து தொடங்குவோம். பின்லாந்தில் இப்போது நடப்பில் உள்ள அடிப்படைக் கல்விக்கான தேசியப் பாடத்திட்டம் 2014-இல் ஏற்கப்பட்டு, 2016 ஆகஸ்ட் முதல் படிப்படியாக வகுப்புகளுக்கு வந்தது. எல்லாப் பாடங்களுக்கும் பொதுவான ஏழு திறன்களை அது வகுத்திருக்கிறது. நான்காவது திறன் பன்முக எழுத்தறிவு: எழுத்து, படம், எண், ஒலி, காணொளி என எந்த வடிவில் வந்தாலும் ஒரு செய்தியைத் தேடவும், புரிந்துகொள்ளவும், எடைபோடவும், தானே உருவாக்கவும் இயலுவது. ஐந்தாவது திறன் தகவல் தொழில்நுட்பம் சார்ந்தது. நூலகர்களாகிய நாங்கள் தகவல் எழுத்தறிவு என்று சொல்வது, அதாவது தகவலைத் தேடி, எடைபோட்டு, பயன்படுத்தும் திறன், இந்த இரண்டுக்கும் நடுவே பங்கிடப்பட்டிருக்கிறது. அதற்கென்று தனிப் பாடவேளை இல்லை, தனி மதிப்பெண் இல்லை, தனி ஆசிரியரும் இல்லை. கணித ஆசிரியரும் ஓவிய ஆசிரியரும் உட்பட எல்லோரும் தங்கள் பாடத்துக்குள்ளேயே அதைச் சொல்லித்தர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

நல்ல பள்ளியில் இது எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால் மனம் நிறையும். கணித வகுப்பில், வரைபடத்தின் செங்குத்து அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்காமல் விட்டால் சின்ன ஏற்றம்கூடப் பெரிய பாய்ச்சலாகத் தெரியும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே வரைந்து பார்க்கிறார்கள். ஓவிய வகுப்பில் ஒரே புகைப்படத்தை இரண்டு விதமாக வெட்டி, இரண்டு வேறு கதைகள் சொல்ல வைக்கிறார்கள். வரலாற்று வகுப்பில் போர்க்காலப் பிரசாரச் சுவரொட்டிகள் மேசைக்கு வருகின்றன. தாய்மொழி வகுப்பில் ஒரே நிகழ்வைப் பற்றி ஒரு நாளிதழும் ஒரு விளம்பரக் கட்டுரையும் எழுதியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறார்கள். இவற்றைப் பார்க்க வரும் வெளிநாட்டுச் செய்தியாளர்கள், 2014-க்குப் பிறகு ரஷ்யாவின் தகவல் போருக்கு எதிராகப் பின்லாந்து கண்டுபிடித்த புது மருந்து என்பதுபோல் எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. திரைப்படக் கல்வி 1950-களிலேயே இங்கே பேசப்பட்டது. பொதுப்பள்ளி முறை உருவான 1970-களின் பாடத்திட்டத்திலேயே வெகுஜன ஊடகங்களைப் பற்றிய கல்விக்கு இடம் இருந்தது. 2014-இல் ரஷ்யா கிரீமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்ட நெருக்கடிக்குப் பிறகு வேகம் கூடியது உண்மை. 2014-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலை ஒட்டித் தொடங்கிய பக்தபாரி என்ற உண்மை சரிபார்ப்பு அமைப்பு பின்னர் பள்ளிகளுக்கும் பாடப்பொருள்கள் தயாரித்தது. பொது ஒலிபரப்பு நிறுவனமான யூலே, பொய்க் கணக்குகளை நடத்தும் ஆள் எப்படிச் செயல்படுகிறான் என்று உணர்த்தும் ஒரு விளையாட்டை வெளியிட்டது. ஆனால் இவையெல்லாம் ஏற்கெனவே இருந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவை.

அந்த அடித்தளத்தின் முக்கியமான பகுதி ஆசிரியர்கள். ஆசிரியப் பயிற்சி 1970-களில் பல்கலைக்கழகங்களுக்குள் வந்தது. 1979 முதல் தொடக்க வகுப்பு ஆசிரியருக்கும் முதுகலைப் பட்டம் வேண்டும். அதாவது ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவரும் ஓர் ஆய்வேடு எழுதியவர், ஆதாரங்களைத் தேடி, ஒப்பிட்டு, மேற்கோள் காட்டிப் பழகியவர். பன்முக எழுத்தறிவைத் தனிப்பாடமாக்காமல் எல்லா ஆசிரியர்களிடமும் ஒப்படைக்கும் துணிவு அதனால்தான் வந்தது. பாடத்திட்டத்தைக் கடன் வாங்க நினைப்பவர்கள் பார்க்கத் தவறுவதும் இதைத்தான்.

இதே ஏற்பாட்டில் ஒரு பலவீனமும் இருக்கிறது. பள்ளி ஆய்வாளர் முறையும் பாடநூல்களுக்கு அரசு ஒப்புதல் தரும் முறையும் 1990-களின் தொடக்கத்திலேயே கைவிடப்பட்டன. தேசியப் பாடத்திட்டம் ஒரு வரம்பைத் தரும். அதற்குள் 300-க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் தங்கள் பாடத்திட்டத்தை எழுதிக்கொள்ளும். வகுப்பறையில் எதை எவ்வளவு நேரம் நடத்துவது என்பது பெரும்பாலும் ஆசிரியர் கையில். ஆர்வமுள்ள ஆசிரியர் கிடைத்தால் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். அப்படி ஒருவர் கிடைக்காத வகுப்பில், எல்லோருக்கும் பொறுப்பு என்பது யாருக்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடுகிறது. இதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்: ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வெவ்வேறு தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஒன்றாக வந்து உட்காரும்போது, யார் எந்த ஆசிரியரிடம் படித்தார்கள் என்பது அவர்கள் தேடும் முறையிலேயே தெரிந்துவிடும். சிலர் பக்கத்தை எழுதியது யார் என்று பார்க்கிறார்கள். சிலர் முழுக் கேள்வியையும் அப்படியே தட்டச்சு செய்து, முதலில் வரும் வரியை நோட்டில் எழுதிக்கொண்டு முடித்துவிட்டோம் என்கிறார்கள். இந்த வேறுபாட்டைக் குறைக்க, 2020 முதல் 2023 வரை நடந்த புதிய எழுத்தறிவுகள் என்ற திட்டத்தில், எந்த வயதில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத் தேசியக் கல்வி முகமையும் காவி எனப்படும் தேசிய ஒலி-ஒளி நிறுவனமும் சேர்ந்து விளக்கமாக எழுதினார்கள். ஊடகக் கல்வியை வளர்ப்பது காவியின் சட்டப்படியான கடமை. அந்த விளக்கங்கள் நல்லவை, தெளிவானவை. ஆனால் அவற்றைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கட்டாயம் இருக்கும் இடம் ஒன்று உண்டு. அதைப் பற்றி வெளியில் யாரும் அதிகம் எழுதுவதில்லை. மேல்நிலைப் பள்ளியின் முடிவில் நடக்கும் தேசிய இறுதித் தேர்வு 2016 முதல் 2019-க்குள் முழுவதும் கணினிக்கு மாறியது. அதோடு தாய்மொழித் தேர்வும் 2018 இலையுதிர்காலம் முதல் வேறு வடிவம் எடுத்தது. அது இப்போது வாசிப்புத் திறனுக்கு ஒன்று, எழுத்துத் திறனுக்கு ஒன்று என இரண்டு தேர்வுகள். எழுத்துத் தேர்வில் ஒரு பொருளைப் பற்றிப் பல தரவுகளைத் தருகிறார்கள்: ஒரு செய்திக் கட்டுரை, ஒரு புள்ளிவிவரப் படம், ஒரு காணொளி, ஒரு வலைப்பதிவு என்று. மாணவர் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து, யார் சொன்னது என்பதைக் குறிப்பிட்டு, ஒன்றோடொன்று மோதவிட்டுத் தன் கட்டுரையை எழுத வேண்டும். மனப்பாடம் இங்கே உதவாது. தேர்வில் இருப்பதால் மூன்று ஆண்டுகளும் ஆசிரியர்கள் அதற்காகப் பயிற்சி தருகிறார்கள். நூலகத்துக்கு வரும் மேல்நிலை மாணவர்களிடம் அந்த வித்தியாசத்தை நான் பார்க்கிறேன். உங்களுக்கு ஏதாவது ஒரு மாதிரி வேண்டும் என்றால், போலிச் செய்தி விளையாட்டுகளைவிட இந்தத் தேர்வின் பழைய வினாத்தாள்களைத் தேடிப் பார்க்கவே சொல்வேன். குறை என்னவென்றால், 16 வயதில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் இந்தப் பாதையில் போகிறார்கள். தொழிற்கல்விக்குப் போகிறவர்கள் படிப்பை முடிக்கத் தேவையான 180 திறன் புள்ளிகளில் மொழி, கணிதம், சமூகம் உள்ளிட்ட பொதுப்பாடங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 35 புள்ளிகள்தான். தகவல் எழுத்தறிவு மிகவும் தேவைப்படும் பிள்ளைகளில் பலர் அங்கேதான் இருக்கிறார்கள்.

இனி அந்த முதலிடத்துக்கு வருவோம். நீங்கள் படித்த பட்டியல், பல்கேரியாவின் சோபியாவில் உள்ள திறந்த சமூக நிறுவனம் 2017 முதல் வெளியிட்டுவரும் ஊடக எழுத்தறிவுக் குறியீடு. அதில் பின்லாந்து தொடர்ந்து முதலிடத்தில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் குறியீட்டுக்காக யாரும் எந்தப் பிள்ளையையும் உட்கார வைத்து, இந்தச் செய்தி நம்பத்தக்கதா என்று கேட்கவில்லை. ஏற்கெனவே கிடைக்கும் சில எண்களைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள்: பத்திரிகைச் சுதந்திரம், 15 வயது மாணவர்களுக்குப் பல நாடுகளில் நடத்தும் பிசா தேர்வின் வாசிப்பு, அறிவியல், கணித மதிப்பெண்கள், பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்களின் விகிதம், மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கை, இணையவழிக் குடிமைப் பங்கேற்பு. பெரும் பங்கு பத்திரிகைச் சுதந்திரத்துக்கும் பிசா வாசிப்புக்கும் போகிறது. தயாரித்தவர்கள் இதை மறைக்கவும் இல்லை. பொய்ச் செய்தியைத் தாங்கி நிற்கும் வலு ஒரு சமூகத்துக்கு எவ்வளவு இருக்கக்கூடும் என்று மதிப்பிடுவதே தங்கள் நோக்கம் என்று சொல்கிறார்கள். அந்த அளவில் அது பயனுள்ள குறியீடு. பள்ளிப் பாடம் பலன் தந்ததற்குச் சான்றாக அதைக் காட்டுவதுதான் தவறு. பட்டியலின் மேல்வரிசையில் டென்மார்க், நார்வே, எஸ்தோனியா, ஸ்வீடன் ஆகியவையும் இருக்கின்றன. பாடத்திட்டத்தில் வெவ்வேறு வழிகளில் போகும் நாடுகள் இவை. அவற்றுக்குப் பொதுவாக இருப்பவை சுதந்திரமான பத்திரிகையும் படித்த மக்களும் நம்பத்தக்க அரசு அலுவலகங்களும்.

நேரடியாகப் பிள்ளைகளைச் சோதித்த அளவீடுகள் வேறு கதை சொல்கின்றன, அது கவலையான கதை. பிசா வாசிப்பில் பின்லாந்தின் சராசரி 2006-இல் 547. 2018-இல் 520. 2022-இல் 490. பிசாவை நடத்தும் ஓ.இ.சி.டி. என்ற பொருளாதாரக் கூட்டமைப்பு நாடுகளின் சராசரியான 476-ஐவிட இது இன்னும் மேலேதான், ஆனால் இறங்கிய வேகம் கடுமையானது. 2022-இல் 15 வயதுப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கு அடிப்படை நிலையைத் தொடும் அளவுக்குக்கூட வாசிப்பு வரவில்லை. மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் இடையிலான இடைவெளி ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி இடைவெளியைவிடப் பெரிது. கணினி, தகவல் எழுத்தறிவை நேரடியாகச் சோதிக்கும் ஐசில்ஸ் ஆய்விலும், 2018-இல் 531 ஆக இருந்த பின்லாந்தின் சராசரி 2023-இல் 507 ஆகக் குறைந்தது. பன்முக எழுத்தறிவைப் பாடத்திட்டத்தின் நடுவில் வைத்த அதே ஆண்டுகளில்தான் இந்த இறக்கம் நடந்திருக்கிறது. பாடத்திட்டம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இறக்கம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது, மற்ற நாடுகளிலும் நடந்திருக்கிறது, பெருந்தொற்றுக் காலமும் குறுக்கே வந்தது. ஓய்வு நேரத்தில் புத்தகம் படிப்பது குறைந்தது, குடியேறிய குடும்பப் பிள்ளைகளுக்கு மொழி ஆதரவு போதாதது என்று பல காரணங்களை ஆய்வாளர்கள் முன்வைக்கிறார்கள். எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் அவர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. உறுதியாகச் சொல்லத்தக்கது இது: நீண்ட உரைநடையைப் படித்துப் புரிந்துகொள்ளத் திணறும் பிள்ளைக்குத் தகவல் எழுத்தறிவு என்று தனியாக எதையும் ஊட்ட முடியாது. ஒரு வலைப்பக்கத்தில் எழுதியவருக்கு என்ன ஆதாயம் என்று யோசிக்க, முதலில் அந்தப் பக்கத்தைப் படித்து முடிக்க வேண்டும்.

பெரியவர்களின் நிலை இதற்கு நேர்மாறு. 2023-இல் பல நாடுகளில் நடத்தப்பட்ட வயதுவந்தோர் திறன் ஆய்வில் எழுத்தறிவிலும் எண்ணறிவிலும் பின்லாந்தே முதலிடம். ராய்ட்டர்ஸ் ஆய்வு நிறுவனத்தின் கணக்கெடுப்புகளில் செய்திகளைப் பொதுவாக நம்புகிறோம் என்று சொன்னவர்கள் 2024-இல் 69 விழுக்காடு, பங்கேற்ற நாடுகளில் அதுவே மிக அதிகம். ஊடக எழுத்தறிவுக் குறியீட்டின் முதலிடம் பெருமளவுக்கு இந்தப் பெரியவர்களின் உழைப்பில் விளைந்தது என்பது என் கணிப்பு. நல்ல வாசிப்புக் கல்வி பெற்று, நாளிதழ் வாங்கி, நூலகத்துக்கு நடந்து வளர்ந்த தலைமுறைகள் அவர்கள். இப்போது பள்ளியில் இருப்பவர்கள் அதே இடத்துக்கு வந்து சேர்வார்களா என்பது திறந்த கேள்விதான்.

வகுப்பறையில் எது வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நீங்கள் ஆசிரியராகப் போகிறவர் என்பதால். யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உடல்நலம் தொடர்பான ஓர் இணையத் தேடல் வேலையைக் கொடுத்து, ஆய்வாளர்கள் எழுதிய ஒரு பக்கத்தையும் ஒரு வணிகப் பக்கத்தையும் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். நம்பத்தக்கதை நம்பத்தக்கது என்று உறுதிசெய்வதும், சார்புடையதைச் சந்தேகிப்பதும் இரண்டு தனித்தனித் திறன்கள் என்பது அதில் தெரிந்தது. முதலாவதைவிட இரண்டாவது பிள்ளைகளுக்குக் கடினமாக இருந்தது. என் மேசையிலும் இதைத்தான் பார்க்கிறேன். ஓநாய்களைப் பற்றித் தேடச் சொல்வது எனக்குப் பிடித்த பயிற்சி, ஏனென்றால் இந்த நாட்டில் ஓநாய் சூடான அரசியல் பொருள். தேடினால் ஆண்டுதோறும் ஓநாய்க் கணக்கெடுக்கும் இயற்கை வள நிறுவனத்தின் பக்கம் வரும், வேட்டைக்காரர்களின் பத்திரிகை வரும், காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்பின் பக்கம் வரும், மாலைப் பத்திரிகையின் பரபரப்புத் தலைப்பும் வரும். இவற்றில் எதுவும் பொய்ச் செய்தி அல்ல. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் நின்று பேசுகிறது. ஓநாய் மனிதரைத் தாக்குமா என்ற ஒரே கேள்விக்கு நான்கு தொனிகளில் பதில் கிடைக்கிறது. யார் எழுதியது, அவருக்கு இதில் என்ன அக்கறை, அவர் சொல்வதை வேறு யார் உறுதிப்படுத்துகிறார்கள் என்று பிள்ளைகள் பேசத் தொடங்கும்போது 45 நிமிடம் போதாமல் போகும்.

இங்கே ஒரு பழைய பழக்கத்தை விட வேண்டியிருந்தது. பக்கத்தில் ஆசிரியர் பெயர் இருக்கிறதா, தேதி இருக்கிறதா, எழுத்துப்பிழை இருக்கிறதா, இணைய முகவரி எதில் முடிகிறது என்று சரிபார்ப்புப் பட்டியல் கொடுக்கும் முறை நூலகங்களில் நெடுங்காலம் இருந்தது. 2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 வரலாற்றுப் பேராசிரியர்களையும் 25 மாணவர்களையும் 10 தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்களையும் வைத்து ஒப்பிட்டார்கள். பேராசிரியர்களிலும் மாணவர்களிலும் பலர் அதே பக்கத்துக்குள் மேலும் கீழும் படித்து, அழகான வடிவமைப்பில் ஏமாந்தார்கள். உண்மை சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளிலேயே பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கும் வந்தார்கள். இந்த முறை பின்லாந்திலும் பரவிவருகிறது, பக்தபாரியின் பாடப்பொருள்களிலும் இடம்பெறுகிறது. என் அனுபவத்தில் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட இது எளிதாகப் பிடிபடுகிறது. ஆனால் ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் நிற்பதில்லை. இரண்டு மாதம் கழித்து வரும்போது மறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாடத்திலும் ஆசிரியர் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் கை பழகுகிறது.

இதையொட்டி எனக்கு ஓர் ஆழமான வருத்தம் உண்டு. சந்தேகப்படச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு, எதை ஏன் நம்பலாம் என்று நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. போலிச் செய்தியைப் பற்றி மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, கடைசியில் எல்லாம் ஒன்றுதான், எதையும் நம்ப முடியாது என்று சொல்லத் தொடங்கும். அதை விழிப்புணர்வு என்று நினைத்துவிடக் கூடாது, அது தேடுவதைக் கைவிடும் நிலை. ஒரு செய்தித்தாளில் திருத்தம் எப்படி வெளியாகிறது, 1968 முதல் இயங்கும் ஊடக நெறிமுறைக் குழுவிடம் சாதாரண வாசகர் எப்படிப் புகார் செய்யலாம், ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியாகுமுன் யார் அதைப் படித்துப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். வீட்டில் பெரியவர்கள் செய்தியை நம்பும் குடும்பத்தில் இந்தக் குறை உடனே தெரியாது. வீட்டிலேயே அவநம்பிக்கை நிறைந்திருக்கும் பிள்ளைக்கு, சந்தேகத்தை மட்டும் கற்பிக்கும் பாடம் தீங்கே செய்யக்கூடும் என்று நான் அஞ்சுகிறேன்.

நூலகங்களைப் பற்றிச் சொல்லும்போது எனக்குச் சார்பு இருக்கும், அதை மனத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள். பின்லாந்தின் முதல் நூலகச் சட்டம் 1928-இல் வந்தது. இப்போதைய சட்டம் 2017 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. நூல்களைக் கடனாகத் தருவது இலவசம் என்பதோடு, தகவல் பெறுவதிலும் பயன்படுத்துவதிலும் பலவகை எழுத்தறிவிலும் மக்களுக்கு வழிகாட்டுவதும் பொது நூலகத்தின் கடமை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. 2018 டிசம்பரில் ஹெல்சிங்கியில் திறந்த ‘ஓடி’ என்ற நூலகத்தின் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்தப் பெருமைக்குக் கீழே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: பள்ளி நூலகம். பள்ளியில் நூலகம் இருந்தே ஆக வேண்டும் என்றோ, அதில் பயிற்சி பெற்ற நூலகர் இருக்க வேண்டும் என்றோ பின்லாந்துச் சட்டம் கேட்பதில்லை. பல பள்ளிகளில் ஒரு அறையில் நாலைந்து அலமாரிகள், பொறுப்பு ஓர் ஆசிரியருக்கு, அதுவும் அவர் ஓய்வு நேரத்தில். பொது நூலகம் பக்கத்தில் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் இப்படியே விட்டுவிட்டார்கள். ஸ்வீடனில் 2011 முதலே எல்லா மாணவர்களுக்கும் பள்ளி நூலகம் கிடைக்க வேண்டும் என்பது சட்டம், 2025 ஜூலை முதல் அதில் பணியாளர் இருக்க வேண்டும் என்பதும் சேர்ந்திருக்கிறது. இங்கே நாங்கள் ஒரு வகுப்பை ஆண்டுக்கு ஓரிரு முறை பார்க்கிறோம். அதுவும் நூலகம் நடந்துவரும் தூரத்தில் இருந்தால். பேருந்து வைத்து அழைத்துவர வேண்டிய பள்ளிக்குச் செலவுக் கணக்கு குறுக்கே நிற்கிறது. பின்லாந்தின் தகவல் எழுத்தறிவுக் கல்வியில் ஒரே ஒரு மாற்றம் செய்ய எனக்கு உரிமை கொடுத்தால், புதிய பாடப்பொருள் எதுவும் கேட்க மாட்டேன். ஒவ்வொரு பெரிய பள்ளிக்கும் ஒரு நூலகர் கேட்பேன்.

பல்கலைக்கழகங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அங்கே நிலைமை ஒழுங்காக இருக்கிறது. 2005-இல் பட்டப்படிப்பு அமைப்பு மாறியபோது, அதற்கு முந்தைய ஆண்டே பல்கலைக்கழக நூலகங்கள் கூடித் தகவல் எழுத்தறிவைப் படிப்புக்குள்ளேயே சேர்க்கப் பரிந்துரைகள் எழுதின. முதலாண்டில் நூலகத் தேடல், ஆய்வேடு எழுதும்போது ஆழமான தேடல் என்ற வரிசை அதிலிருந்து வேரூன்றிவிட்டது.

கைபேசியைப் பற்றியும் கேட்பீர்கள். 2025 ஆகஸ்ட் முதல் பாடவேளையில் கைபேசி பயன்படுத்துவதற்குச் சட்டப்படியான கட்டுப்பாடு வந்துவிட்டது, ஆசிரியர் கற்பித்தலுக்காக அனுமதித்தால் பயன்படுத்தலாம். ரீகிமாக்கி நகரம் 2024-இல் வகுப்பறைகளில் மறுபடியும் காகிதப் புத்தகத்துக்கும் பேனாவுக்கும் திரும்பியது உலகச் செய்தியானது. கவனம் சிதறாமல் படிக்க இது உதவும் என்றே நினைக்கிறேன், வரவேற்கிறேன். ஆனால் திரையை விலக்கினால் தகவல் எழுத்தறிவு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே அதே திரையில்தான் செய்தியைச் சந்திக்கிறார்கள், பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல்.

இப்போது எங்கள் வேலையையே மாற்றிக்கொண்டிருப்பது செயற்கை நுண்ணறிவு. ஓநாய்ப் பயிற்சியில் நான்கு வேறு பக்கங்கள் கண்ணெதிரே இருந்ததால்தான் ஒப்பிட முடிந்தது. இப்போது பிள்ளைகள் கேள்வியைக் கேட்டதும் ஒரே சீரான பத்தியில் பதில் வந்து விழுகிறது. வேட்டைக்காரரும் ஆய்வாளரும் பாதுகாப்பு அமைப்பும் அதற்குள் கரைந்து, யார் எதைச் சொன்னது என்பதே மறைந்துபோகிறது. பின்லாந்து மொழி பேசுபவர்கள் சுமார் 50 லட்சம் பேர்தான். முன்பு வெளிநாட்டிலிருந்து வரும் மோசடிச் செய்திகளைத் தட்டுத்தடுமாறும் மொழியே காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் காவலும் இப்போது போய்விட்டது. வகுப்பில் நான் செய்து பார்ப்பது, அந்தப் பதிலில் உள்ள ஒவ்வொரு கூற்றையும் பிள்ளைகளைக் கொண்டு தனித்தனியாக வெட்டியெடுத்து, அதைச் சொன்னது யார் என்று பின்னோக்கித் தேட வைப்பது. சில வகுப்புகளில் நன்றாக நடக்கிறது, வாசிப்பு பலவீனமான வகுப்புகளில் பாதியில் நின்றுவிடுகிறது. இது நிலைத்த பழக்கமாகிறதா என்பதைச் சொல்ல இன்னும் நல்ல ஆய்வுகள் வர வேண்டும். 2029 பிசா தேர்வில் ஊடக, செயற்கை நுண்ணறிவு எழுத்தறிவு என்று ஒரு தனிப்பகுதியைச் சேர்க்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். தேடவும் எடைபோடவும் பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரியும் என்பதை நாடுகளுக்கிடையே நேரடியாக ஒப்பிட அதில் வாய்ப்புக் கிடைக்கும். அதுவரை பின்லாந்தைப் பற்றிப் படிக்கும் எந்தக் கட்டுரையிலும், முதலிடம் என்று எழுதியிருந்தால், எதை அளந்து அப்படிச் சொல்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.